பாதிப் பருவத்தில் பயிற்றுநர் தேடல்: கெடா காற்பந்தை முன்வைத்து

2019 ஜூலை 27, சனிக்கிழமை இரவு. கோலா கெத்தில் பட்டணத்து மாமாக் கடையில் அஞ்சடி முழுக்க நாற்காலிகள். பெலாம் தோட்டத்திலிருந்தும் பேடனாக் தோட்டத்திலிருந்தும் மோட்டாரில் வந்தவர்கள், கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள், பச்சை மஞ்சள் சட்டை போட்ட சிறுவர்கள் என்று எல்லோரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புக்கிட் ஜாலில் அரங்கில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம், கெடாவும் பேராக்கும். தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரமும் முடியப் போகிறது, இனி பினால்டிதான் என்று பக்கத்து மேசைக்காரர் கணக்கு முடிக்கக் கையைத் தூக்கிய நேரத்தில், கெடாவின் ஃபட்ஸ்ருல் டானெல் பந்தை வலைக்குள் தள்ளினார். 120ஆவது நிமிடம். என் முன்னால் இருந்த தே தாரிக் யார் கை பட்டுக் கவிழ்ந்தது என்று இன்றுவரை தெரியாது.

அன்றிரவு அந்தக் கடையில் பயிற்றுநரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச அவசியம் இருக்கவில்லை. சில ஆண்டுகள் போயின. அதே மேசைகளில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "புது கோச்சு யாருண்ணே?" அதற்கப்புறம் கேட்கப்பட்டது, "பிளேயருங்களுக்குச் சம்பளம் போட்டுட்டாங்களா?" 2025-26 சூப்பர் லீக் 13 குழுக்களோடு தொடங்கியபோது அதில் கெடாவின் பெயர் இல்லை. உரிமம் கிடைக்கவில்லை.

தடுமாறும் ஒரு குழு பருவத்தின் நடுவில் புதிய பயிற்றுநரைத் தேடுவது காற்பந்து உலகெங்கும் நடக்கிற காரியம். அது பலன் தருகிறதா, யாரைத் தேடுகிறார்கள், தேடுவதற்கு முன் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதைக் கெடாவின் அனுபவத்திலிருந்து பார்க்க முயல்கிறேன். கடையில் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை தேடுவது வீண் வேலை என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்துச் செய்தியில் 'மேனேஜர்' என்று வருபவர் குழுவைத் தேர்ந்தெடுப்பவர், பயிற்சி தருபவர், ஆட்டக்காரரை வாங்குவதிலும் குரல் உள்ளவர். நம் நாட்டில் அது இரண்டு ஆளின் வேலையாக இருந்தது. 'பெங்குருஸ்' என்கிற குழு நிர்வாகி ஒருவர். 'ஜுருலாத்தே' என்கிற பயிற்றுநர் இன்னொருவர். நிர்வாகி பெரும்பாலும் அரசு அதிகாரி, அரசியல்வாதி, வணிகர். பணம், போக்குவரத்து, ஆட்டக்காரரின் வேலை, மந்திரி பெசார் அலுவலகத்தோடு பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. 1990களின் கெடாவை நினைவு வைத்திருப்பவர்களிடம் கேட்டால், முதலில் சொல்லும் பெயர் அகமட் பஸ்ரி அகில். அவர் குழு நிர்வாகி. பயிற்றுநரின் பெயரைச் சொல்லச் சற்று யோசிப்பார்கள். தோற்றால் போகிறவர் பயிற்றுநர், ஜெயித்தால் படத்தில் நடுவில் நிற்பவர் நிர்வாகி என்ற நிலை அப்போதே இருந்தது. பருவத்தின் நடுவில் நாம் தேடுவது எப்போதும் ஜுருலாத்தேயைத்தான். கோளாறு எந்த நாற்காலியில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு நாற்காலியை மட்டும் காலி செய்துவிடுகிறோம்.

கெடா காற்பந்துச் சங்கம் 1924இல் தொடங்கியது. மலேசியக் கிண்ணம் முதன்முதலாக அலோர் ஸ்டாருக்கு வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள், 1987, 1988, 1989, மூன்று இறுதியாட்டங்களிலும் கோலாலம்பூரிடம் தோல்வி. 1987இல் 5-1 என்று அடி வாங்கினோம். இன்றைய மனநிலையில் அப்படியொரு தோல்விக்கு மறுநாளே யாராவது ஒருவர் பெட்டி கட்டியிருப்பார். நான்காவது ஆண்டும் கெடா இறுதிக்கு வந்தது. சிங்கப்பூரை 3-1 என்று வென்றது. 1993இல் மறுபடியும் கிண்ணம், கூடவே லீக் பட்டம். தோட்டத்து லயத்தில் வானொலியைச் சன்னல் கட்டையில் வைத்து மலாய் வருணனையைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டக்காரர் பெயரை அவர்கள் வீட்டுப் பிள்ளை பெயர்போலச் சொல்வார்கள்.

அடுத்த பொற்காலத்தில் பயிற்றுநர் முன்னுக்கு வந்தார். முகமட் அஸ்ராய் கோர் அப்துல்லாவின் கெடா 2006-07இல் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்றது. 2007-08இல் அதே மூன்றையும் திரும்ப வென்றது. மார்லன் ஜேம்ஸ், கார்னீலியஸ் ஹகின்ஸ் என்று கரீபியத் தீவிலிருந்து வந்தவர்களின் பெயர் தோட்டத்துப் பிள்ளைகள் வாயில் புழங்கிய காலம் அது. 2009இலிருந்து 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தடை. 2013இலிருந்து மூன்று பருவங்கள் கெடா இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் கிடந்தது. ஆறு பட்டங்களை வரிசையாக அள்ளிய குழு ஐந்தே ஆண்டில் கீழே போனது. மேலே கொண்டுபோனது ஒரு மனிதரின் திறமை என்றால், கீழே வந்ததற்கும் ஒரு மனிதரைக் காட்ட முடிய வேண்டும். என்னால் முடியவில்லை. விதிமுறை மாறியது, பணவரவு மாறியது, ஆட்டக்காரர் தலைமுறை மாறியது. அத்தனையும் பயிற்றுநரின் பெஞ்சுக்கு வெளியே நடந்தவை.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். யான் வான் அவுர்ஸ், மார்ட்டின் வான் டெய்ல் என்ற இரண்டு நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் அந்நாட்டு முதல்நிலை லீக்கின் 14 பருவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பருவத்தின் நடுவில் பயிற்றுநரை மாற்றிய குழுக்கள் அதற்குப் பின் முன்னேறியது உண்மை. ஆனால் அதே மாதிரி சறுக்கி, பயிற்றுநரை மாற்றாமல் விட்ட குழுக்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னேறியிருந்தன. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வு, பயிற்றுநரை மாற்றியதால்தான் நிலைமை தேறியது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று காட்டியது.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இதைப் புரியவைக்கப் புள்ளிவிவரம் தேவையில்லை. வடக்கே கெடாவில் பிப்ரவரி, மார்ச் வெயிலில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் சுண்டிப்போகும். வாளி பாதிகூட நிறையாது. அந்த மாதத்தில் மண்டோர் ஒரு வெட்டுக்காரரை நிறுத்திவிட்டு வேறு ஆளை அந்த நிரையில் விட்டால், துளிர் விட்டு இலை முற்றியதும் பால் தானாக ஏறும். புது ஆளின் கைராசி என்று பெரட்டுக் களத்தில் பேசிக்கொள்வார்கள். பழைய ஆளே இருந்திருந்தாலும் ஏறியிருக்கும். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற குழுவும் அப்படித்தான். அடிபட்டுக் கிடந்த இரண்டு பேர் திரும்பி வருவார்கள். பலமான குழுக்களோடான ஆட்டங்கள் முடிந்திருக்கும். கம்பத்தில் பட்டுப் போன பந்து இனி உள்ளே போகும். மிகத் தாழ்ந்த இடத்தில் நிற்கும்போதுதான் ஆளை மாற்றுகிறோம். அங்கிருந்து போகக்கூடிய திசை பெரும்பாலும் மேலேதான்.

அப்படியானால் மாற்றமே கூடாதா? அதுவும் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 1986 நவம்பரில், பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தபோதுதான் அலெக்ஸ் ஃபெர்குசனைக் கொண்டுவந்தது. அந்தப் பருவம் 11ஆம் இடம். முதல் கிண்ணம் 1990இல்தான் வந்தது. பருவத்தின் நடுவில் வந்தவர் ஏறக்குறைய நான்கு ஆண்டு பொறுக்கப்பட்டார். செல்சியில் 2012 மார்ச்சில் இடைக்காலப் பொறுப்பேற்ற ராபர்ட்டோ டி மத்தேயோ மே மாதமே ஐரோப்பியச் சாம்பியன் கிண்ணத்தைத் தூக்கினார்; நவம்பரில் அவரும் விலக்கப்பட்டார்.

நமக்கு நெருக்கமான உதாரணம் சென்னையில் இருக்கிறது. 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற ஜான் கிரிகோரியின் சென்னையின் எஃப்.சி., 2019-20இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றது. நவம்பர் முடிவில் கிரிகோரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்டக்காரர்களை அவர் வாங்கவில்லை, கிரிகோரி விட்டுப்போனவர்களை வைத்துத்தான் ஆடினார். வேகமாக முன்னோக்கி ஆடச் சொன்னார். நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவர்களில் முன்னணிக்கு வந்தார். சென்னை நான்காம் இடம் பிடித்து, 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனா காரணமாக ஆளில்லாத அரங்கில், இறுதியாட்டம் ஆடி கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவிடம் 3-1 என்று தோற்றது. பாதிப் பருவ மாற்றம் பலன் தந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். மறு பருவத்தில் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். சென்னை எட்டாம் இடத்துக்குச் சரிந்தது. 2022 பிப்ரவரியில் மறுபடியும் பயிற்றுநர் நீக்கம். மிச்ச ஆட்டங்களைத் தமிழ்நாட்டுக்காரரான சபீர் பாஷா ஏற்று நடத்தினார். கோய்ல் பிற்பாடு திரும்பி வந்தார், மறுபடி போனார். 2025 ஆகஸ்டில், இந்திய லீக்கே நடக்குமா என்ற குழப்பத்தில், குழு தன் நடவடிக்கைகளை நிறுத்தி வைத்ததாக அறிவித்தது. அப்போது யாரும் பயிற்றுநர் யார் என்று கேட்கவில்லை. நல்ல மருத்துவர் வந்து ஒரு நோயைக் குணமாக்கினார்; வீட்டுக் கூரை வேறு காரணத்தால் இறங்கியது.

கெடாவிலும் பாதிப் பருவ மாற்றம் நன்றாக நடந்த ஒரு தருணம் உண்டு. அதைத்தான் நான் அதிகம் யோசித்துப் பார்க்கிறேன். டான் செங் ஹோ கெடாவுக்கு ஆடியவர். தேசியக் குழுவில் கே. ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்து தொழில் கற்றவர். 2015இல் பிரீமியர் லீக் பட்டத்தோடு மேலே ஏறி வந்த கெடாவை 2016இல் அவர் வழிநடத்தினார். அக்டோபர் 30 அன்று ஷா ஆலமில் சிலாங்கூருக்கு எதிரான மலேசியக் கிண்ண இறுதியாட்டம் 1-1. பினால்டியில் 6-5 என்று கெடாவுக்குக் கிண்ணம். 2017 மே மாதம் பகாங்கை 3-2 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கிண்ணமும் வந்தது. அதற்குப் பிறகு தேசியக் குழு அவரைப் பயிற்றுநர் நெலோ விங்காடாவுக்குத் துணையாக அழைத்துக்கொண்டது. பருவம் பாதியில் நிற்கிறது, ஜெயித்துக்கொண்டிருக்கும் பயிற்றுநர் போய்விட்டார்.

கெடா வெளியே தேடவில்லை. உள்ளேயே இருந்த நிட்ஸாம் அட்ஸாவிடம் பொறுப்பைக் கொடுத்தது. பட்ரோல் பக்தியார் எந்தப் பக்கம் திரும்பிப் பந்தை வாங்குவார், யாருக்கு முழங்கால் வலி, யார் திட்டினால் சுருங்கிப்போவார் என்பதெல்லாம் தெரிந்தவர்தான் புதிதாக வந்தவரும். அந்த ஆண்டு நவம்பரில் கெடா மீண்டும் மலேசியக் கிண்ண இறுதியில் நின்றது. ஜோகூரிடம் 0-2 என்று தோற்றது உண்மைதான். ஜோகூர் டாருல் தாக்ஸிம் 2014இலிருந்து ஒரு லீக் பட்டத்தையும் விட்டுக்கொடுக்காத குழு. அதனிடம் தோற்பது வெட்கமில்லை. பயிற்றுநர் போன பின்னும் குழுவின் பழக்கம் கலையாமல் இருந்ததுதான் முக்கியம்.

2018இல் ஸ்பெயின்காரர் ராமோன் மார்கோத்தே வந்தார். 2019இல் சிங்கப்பூரின் ஹோம் யுனைடெட்டிலிருந்து ஐடில் ஷாரின் சாஹாக் வந்தார். ஐடிலுக்கு நேரம் கொடுத்தார்கள். முதல் ஆண்டே எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம். 2020இலும் 2021இலும் லீக்கில் இரண்டாம் இடம். நம் மாநிலத்தின் அண்மைக்கால நல்ல ஆண்டுகள் அவை. ஒரே மனிதர் நிலைத்து நின்ற ஆண்டுகளும் அவைதான்.

அந்த ஆண்டுகளிலேயே அடித்தளம் மாறிக்கொண்டிருந்தது. மாநிலச் சங்கம் நடத்திய குழு தனி நிறுவனமாகி, கெடா டாருல் அமான் எஃப்.சி. என்ற பெயர் எடுத்தது. நாடு முழுக்க இதே ஏற்பாடு. அரசாங்கப் பணத்தை நம்பியே குழுக்கள் இருக்கக் கூடாது என்ற எண்ணம் தவறில்லை. ஆனால் டிக்கெட் விற்பனையும் சட்டை விற்பனையும் சூப்பர் லீக் ஆட்டக்காரரின் மாதச் சம்பளத்தைத் தாங்குமா? டாருல் அமான் அரங்கில் முப்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். எல்லா வாரமும் நிறைகிற இடமில்லை அது. மாநிலம் கைகொடுப்பதைக் குறைத்து, உரிமையாளரின் கை தளர்ந்தால், முதலில் நிற்பது சம்பளம். 2023க்கு முன் சரவாக் யுனைடெட்டும் மலாக்கா யுனைடெட்டும் உரிமம் இழந்தன. பிறகு கெடாவில் சம்பள நிலுவை, புள்ளி வெட்டு, கடைசியில் உரிமமே இல்லை. அதே 2025இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும்கூட லீக்கில் இல்லை. மூன்றும் பழம்பெரும் மாநிலக் குழுக்கள். மூன்றும் ஒரே ஆண்டில் இல்லாமல் போனதை ஒரு பயிற்றுநரின் ஆட்டமுறையால் விளக்க முடியாது.

சம்பளம் நின்ற குழுவில் பயிற்றுநரின் வேலை என்னவென்று நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலைப் பயிற்சிக்கு இருபத்தைந்து பேர் வர வேண்டும். மூன்று பேர் வீட்டு வாடகை கட்டவில்லை. ஒருவர் ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்பவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர் தன் ஏஜென்ட்டோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஃபீஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2021இலிருந்து பயிற்றுநருக்கும் அதே மாதிரிப் பாதுகாப்பு உண்டு. இது நியாயமான விதி. அந்த விதி வேலை செய்யத் தொடங்கினால் பயிற்றுநரின் வெள்ளைப் பலகையில் எழுதிய பதினோரு பெயரில் நான்கு பெயர் அடுத்த மாதம் இருக்காது. இவர் பயிற்சி சொல்லித்தருவாரா, சமாதானம் சொல்லுவாரா?

பருவத்தின் நடுவில் தேடுவதில் இன்னொரு இடர் உண்டு. சூப்பர் லீக் தலைமைப் பயிற்றுநருக்கு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் 'புரோ' உரிமம் வேண்டும். அது உள்ளவர்கள் நாட்டில் கொஞ்சம்தான். திறமையானவர்கள் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருப்பார்கள். இடைக்காலமாக ஒருவரை உட்கார வைக்கலாம், நிரந்தரமாக வைக்க முடியாது. ஆட்டக்காரரை மாற்றும் காலமும் மூடியிருக்கும். வருகிறவர் பிறர் வாங்கிய அரிசியில் பிறர் வைத்த உலையில் சமைக்க வேண்டும். இதற்கிடையில் அனுப்பிய பயிற்றுநருக்கு மிச்ச ஒப்பந்தப் பணம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பணமில்லாத குழு இரண்டு பயிற்றுநருக்குக் கடன்படுகிறது.

இந்த மாதிரி நேரங்களில் அழைக்கப்படுகிறவர்களில் தமிழ்ப் பெயர்கள் அடிக்கடி வருவதை நம் ஆட்கள் கவனித்திருப்பார்கள். 2007 ஆசியக் கிண்ணத்தில் மலேசியா மூன்று ஆட்டத்திலும் தோற்று, சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5 என்று வாங்கிய பிறகு தேசியக் குழுவை ஏற்றவர் பி. சத்தியநாதன். 2009இல் அவரிடமிருந்து பொறுப்பை வாங்கியவர் கே. ராஜகோபால். ராஜகோபால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே லாவோஸ் சீ விளையாட்டில், இருபது ஆண்டுக்குப் பிறகு, தங்கம் கொண்டுவந்தார். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 4-2 என்று வென்று ஆசியான் கிண்ணத்தையும் எடுத்தார். அவர் நம்பிய ஆட்டக்காரர்கள் அதிகமும் இளையவர்கள். வெளிநாட்டவர் இல்லாத லீக்கில் உள்ளூர்ப் பையன்களுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். கெடாவை வறளவிட்ட அதே தடையின் இன்னொரு முகம் அது.

சத்தியநாதன் 2010இல் கிளந்தானுக்கு அதன் முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். 2020 பருவத்தின் நடுவில் சிலாங்கூர் அவரை விலக்கியது. காற்பந்துப் பயிற்றுநர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். பயிற்றுநரும் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளிதான் என்பதை நாட்டுக்கு அடிக்கடி நினைவூட்டிய குரல். 2023 ஜூலையில் காலமானார். அந்தக் குரலுக்குப் பதில் குரல் இன்னும் வரவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

நம் சமூகத்துக்கென்றே ஒரு குழு இருந்ததையும் மறக்கலாகாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பின்புலத்தில் 2017இல் பிரீமியர் லீக்கில் நுழைந்த மிஸ்க்-மிஃபா, பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆகி சூப்பர் லீக்கில் ஆடியது. பின்னாளில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் இறக்கியது. பணக்காரக் குழுக்களைச் சில நாள் திணறடித்தது. 2022 முடிவில் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. வரவுக்கு மீறிச் செலவு செய்யாத குழுகூட நிற்க முடியவில்லை என்றால், கேள்வி தனி மனிதர்களைத் தாண்டிப் போகிறது.

இதையெல்லாம் கோலா கெத்திலில் இருந்துகொண்டு நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன்? அலோர் ஸ்டார் நமக்கு வடக்கே, வயல்வெளிகளுக்கு அப்பால். தோட்டத்துத் தமிழனுக்கு மாநிலம் என்பது அலுவலகம், நில வரி, அடையாள அட்டை. பெரும்பாலும் வரிசையில் நின்று காத்திருக்கிற அனுபவம். பச்சை மஞ்சள் சட்டை மட்டும்தான் கேட்காமலே கிடைத்த உறவு. மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே ஆட்டக்காரரைத் திட்டி, ஒரே கோலுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்ட இடம். அது ஒரு பருவம் இல்லாமல் போனால் இழப்பு காற்பந்தோடு நிற்பதில்லை.

தோட்டத்துத் திடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பால்மரக் காலத்தில் திடல் தோட்டத்தின் நடுவில், கோயிலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் பக்கத்தில் இருக்கும். காலை வெட்டு, மதியம் பால் நிறுத்தல், மாலை ஐந்து மணிக்குப் பந்து. குழுவின் 'பெங்குருஸ்' பெரும்பாலும் கிராணி அல்லது மருத்துவமனை டிரெசர்; ஏனென்றால் லாரி கேட்கவும், துரையிடம் சட்டைக்குப் பணம் கேட்கவும் அவர்களால்தான் முடியும். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் வெட்டுக்காரர்களில் மூத்தவர். தோட்டங்களுக்கிடையே கிண்ணப் போட்டி நடக்கும். தோற்றால் மறுநாள் பெரட்டில் கேலி உண்டு; பயிற்றுநரை நீக்கும் பேச்சு மட்டும் வராது. நீக்கி எங்கே அனுப்புவது, அவர் அடுத்த வீட்டுக்காரர்.

செம்பனை வந்த பின் ஆள் குறைந்தது. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் போயின. சில திடல்களில் கோல் கம்பத்தில் இன்று மாடு கட்டியிருக்கிறது. பையன்கள் வாடகைக்கு எடுக்கும் ஃபுட்சல் கூடங்களில் ஆடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேர் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். பணமில்லாத பையன் கம்பி வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். மாநிலக் குழுவின் நடுப்பருவத் தேடலுக்கும் இந்தப் பையனுக்கும் தொடர்பு உண்டு. 2017இல் கெடாவால் உள்ளேயே ஆள் தேட முடிந்தது எப்படி? உள்ளே ஆள் இருந்தார்கள். ஆட்டக்காரராக இருந்து துணைப் பயிற்றுநராகி, இளையோர் குழுவை நடத்தி, படி ஏறி வந்தவர்கள். அந்தப் படிகளின் அடிப்படி தோட்டத் திடலும் பள்ளித் திடலும். அது உடைந்தால் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு நடுப்பருவ நெருக்கடியில் உள்ளே தேடிப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். ஏஜென்ட் அனுப்பும் பெயர்ப்பட்டியல்தான் இருக்கும்.

கெடா மீண்டும் உயர்நிலைக்கு வரும் என்று நான் நம்புகிறேன். வந்த பிறகு என்றாவது ஒரு மே மாதத்தில் ஆறு ஆட்டம் தோற்று, புதுப் பயிற்றுநர் வேண்டும் என்ற குரல் எழும். அப்போது நாம் கேட்க வேண்டியவை கடையில் ஏற்கெனவே கேட்கப்பட்டவைதான், வரிசையை மாற்றி, நடுவில் இரண்டைச் சேர்க்க வேண்டும். முதலில், போன மாதச் சம்பளம் போனதா? அடுத்து, இப்போது இருப்பவர் கேட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்தீர்களா? துணைப் பயிற்றுநர் வரிசையில் யார் இருக்கிறார்? இவற்றுக்கு நேர்மையான பதில் கிடைத்த பிறகும் ஆள் மாற வேண்டும் என்றால் மாறட்டும். வருகிறவருக்கு 1987க்கும் 1990க்கும் இடையில் இருந்த பொறுமையில் பாதியாவது கொடுக்கட்டும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பட்டணத்துக்கு வெளியே ஒரு பழைய தோட்டத் திடலில் நின்றேன். முப்பது வயது மதிக்கத்தக்கவர் மோட்டாரில் வந்து இறங்கினார். பின்னால் வலைப்பையில் ஏழு பந்து. அதில் இரண்டில் காற்று இல்லை. கூலிம் ஹைடெக் பார்க்கில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வந்தவர். பதினேழு பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான்கு பேருக்கு பூட்ஸ் இல்லை, அவர்களைத் தனியாகப் பிரித்து மிருதுவான புல் இருந்த மூலையில் ஆடவிட்டார். 'டி' உரிமம் எடுத்துவிட்டாராம். அடுத்தது 'சி', அப்புறம் 'பி', 'ஏ', மேலே 'புரோ'. "சி வகுப்புக்குப் பணம் கட்டணும் சார். லீவு வேற கேக்கணும்" என்றார். சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாராம், இன்னும் பதில் வரவில்லை. பேசிக்கொண்டே காற்றிறங்கிய பந்தை முழங்காலுக்கு நடுவில் வைத்து, பையிலிருந்து சைக்கிள் பம்பை எடுத்தார்.